பல் பட்ட மரமீன்

கண்டி
17.11.2024

ரஸாக் அவர்களுக்கு,

ஸலாம். சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் அழைக்க வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். அதில் மாற்றமில்லை. உங்கள் குரலைக் கேட்டால் அதற்குப் பின்னால் இன்னொரு குரலும் கேட்கிறது. எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

எனக்கு ஒரு பொருள் வேண்டும். கண்ணாடி அலுமாரியில் இருக்கும் உங்கள் மரமீன்களில் ஒன்று. நான் வீட்டை விட்டு வரும்போது நாற்பத்தொன்று இருந்தன. எனக்கு வேண்டியது ஒற்றைக் கண்ணன். பச்சை முதுகு, வெள்ளை வயிறு, வாயருகே தகட்டு உதடு, இடப்பக்கத்துக் கண்ணாடிக் கண் விழுந்து போனது. உங்கள் படகில் வேலை செய்யும் இன்னாசிப்பிள்ளை கடலில் இருந்து இழுத்தெடுத்து நம் முற்றத்தில் கொண்டுவந்து வைத்தது.

அவற்றில் உங்களுக்கு உள்ள உரிமையை நான் மறுக்கவில்லை. யாரோ வெள்ளைக்காரர்கள் எழுபது வருடத்துக்கு முன் தூண்டிலில் இரையாகக் கட்டி மீன்பிடிக்கக் கொண்டுவந்து விட்டுப்போனவற்றை நீர்கொழும்பின் பழைய சாமான் கடைகளில் குனிந்து குனிந்து தேடிச் சேர்த்தவர் நீங்கள். வர்ணம் பூசிய விறகு என்று சொன்னவள் நான். இப்போது அந்த விறகில் ஒன்றைக் கேட்கிறேன். காரணம் சொல்ல விருப்பமில்லை.

துடைக்க வேண்டாம். இருக்கிறபடியே கடதாசியில் சுற்றி அனுப்புங்கள்.

ஆதிலா


மாம்புரி
26.11.2024

ஆதிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உறையைப் பிரித்து "ரஸாக் அவர்களுக்கு" என்று பார்த்ததும் கரண்ட் ஆபீசில் இருந்து வந்த கடிதமோ என்று நினைத்தேன். கலியாணம் முடித்த புதிதில் நீ என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளை பிறந்த பிறகு அஸ்ஜத்தின் வாப்பா என்றாய். இருபத்திநாலு வருடம் அதுதான் என் பெயர். இப்போது அவர்கள். சரி.

சுகம் என்றால் சுகம்தான். வாடைக் காற்று தொடங்கிவிட்டது. காற்றாலைகள் எல்லாம் ஒரே சுற்று.

ஒற்றைக் கண்ணனைத் தர முடியாது. அது அஸ்ஜத்தின் சாமான். அவன் வந்து கேட்டால் நான் என்ன சொல்லுவது? உம்மா கேட்டாள், கண்டிக்கு அனுப்பிவிட்டேன் என்றா?

நீ சிரிப்பாய் என்று தெரியும். 2023 மார்ச் பதினொன்று சனிக்கிழமை காலை போன பிள்ளை. படகு பவளப்பாருக்கு மேற்கே ஆளில்லாமல் மிதந்தது. சாப்பாட்டுப் பார்சல் அவிழ்க்காமல் இருந்தது. பின்னால் நூல் இழுபட்டு, நூலின் நுனியில் மரமீனும் இருந்தது. அவனை மட்டும் காணவில்லை. நாலாம் நாள் நீ வரைபடத்தை விரித்து, பென்சிலால் நீரோட்டக் கணக்குப் போட்டு, "இனித் தேட வேணாம்" என்றாய். நான் தேடினேன்.

நாற்பதாம் நாள், நோன்பின் கடைசிப் பத்தில், நான் படகு எண்ணெய் தீர்ந்த வெறும் கான்களோடு கரைக்கு வந்தேன். இன்னாசிப்பிள்ளை படகைப் பிடித்துக்கொண்டு, "நானா, பள்ளியில தொழுதிட்டாங்க. உங்களுக்குச் சொல்லயில்லையா?" என்று கேட்டான். மையித்து இல்லாமலே இறந்தவருக்குத் தொழுகிற காயிப் ஜனாஸா. என் பிள்ளைக்கு. நான் அவனைத் தேடிக் கடலில் நிற்கையில். ஊரே வரிசையில் நின்றதாம். பெற்றவன் நிற்கவில்லை. நீ கேட்டுத்தான் தொழுதார்கள் என்று மௌலவி சொன்னார்.

பிள்ளையை நீ அன்றே அடக்கிவிட்டாய். பிறகு அவனுடைய சாமான் உனக்கு என்னத்துக்கு?

ரஸாக்


கண்டி
05.12.2024

ரஸாக் அவர்களுக்கு,

கேட்டதால் சொல்கிறேன்.

தொழுகையை உங்களிடம் மறைத்தது உண்மை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பீர்கள். "வாப்பா இல்லாம எப்படி டீச்சர்?" என்று மௌலவியும் தயங்கினார். "பெத்தவ நான் சொல்றன். புள்ள மௌத்து" என்றேன். அந்த நாலைந்து சொற்களைச் சொல்லி முடிக்க எனக்கு நாற்பது நாள் எடுத்தது. தொழுகை எங்கேயாவது போய்ச் சேரும் என்ற உறுதியில் நான் அதைக் கேட்கவில்லை. என் நம்பிக்கையின் அளவு உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் ஒவ்வொரு விடியலிலும் இரண்டு பிளாஸ்க்கில் தேநீர் நிரப்பிக்கொண்டு படகேறினீர்கள். பொழுது பட வந்து ஒன்றை அப்படியே மாமரத்தடியில் ஊற்றினீர்கள். நோன்பு தொடங்கிய பிறகும், நோன்பு திறக்க என்று, இரண்டு. அந்தத் தேநீர் மண்ணில் இறங்குவதை நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒருவராவது அதை நிறுத்த வேண்டியிருந்தது.

இனி மரமீன். அவன் நூலை முடிச்சுப் போடும் விதம் உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு கையும் நூலில் இருக்கும். மரமீனை வயிற்றோடு பல்லில் கடித்துப் பிடித்துக்கொள்வான். தூண்டில் முள் எல்லாம் பிறகுதான் கொளுவுவான். "பல்லுப் படுத்தாதடா, பெயின்ட் போகும்" என்று நீங்கள் கத்துவீர்கள். வாயில் மரமீனோடு அவன் ஏதோ முனகுவான். முடிச்சை இறுக்கி, எடுத்த பிறகு சொல்வான்: "வாப்பா, அலுமாரிக்குள்ள மீன் நீந்துமா? இது தண்ணிக்குச் செஞ்சது." நீங்கள் சேர்க்கிற ஆள், அவன் பாவிக்கிற ஆள். அந்தச் சண்டையை நான் மீன் கழுவிக்கொண்டே கேட்பேன்.

அன்று காலை அவன் கடைசியாகக் கட்டியது ஒற்றைக் கண்ணன். அதன் வயிற்றில் அவனுடைய பல் பட்ட குழிகள் இருந்தன. இன்னாசிப்பிள்ளை கொண்டுவந்த அன்று என் கண்ணால் பார்த்தேன்.

அவனுடைய உடுப்பு எல்லாம் துவைத்தவை. சீப்பை உங்கள் தங்கை றிஸ்மினா நல்லெண்ணத்தில் கழுவிவிட்டாள். போய் நிற்க ஒரு கப்று இல்லை. அவனுடைய உடம்பு இந்த உலகத்தில் பதித்துவிட்டுப் போனது அந்த மரத்தில் உள்ள நாலைந்து குழிகள்தான். எனக்கு அவை வேண்டும். இதற்கு மேல் விளக்க முடியாது.

ஆதிலா


மாம்புரி
02.01.2025

ஆதிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் பிந்திவிட்டது. நாலு தரம் எழுதத் தொடங்கிக் கிழித்தேன். இடையில் மழை. தோட்டத்தில் வெள்ளம் நின்று மிளகாய்க் கன்றுகள் அழுகிப் போயின. பின் வேலியையும் கட்ட வேண்டியிருந்தது.

சிவப்புத் தலை ஒன்று இருக்கிறதே, அதை அனுப்பவா? வால் பக்கம் சின்னச் சுழல் தகடு வைத்தது. அதையும் அவன் எத்தனையோ தடவை கொண்டுபோயிருக்கிறான். பெரிய பாரை மீன் ஒன்று பிடித்து, கற்பிட்டிச் சந்தையில் விற்காமல் உனக்கென்று தூக்கிக்கொண்டு வந்தது அதில்தான். பார்க்க அது நல்ல வடிவு.

நீ வேண்டாம் என்பாய். தெரியும்.

"டீச்சர் கண்டி வாவியில மீன் புடிக்கப் போறாவாமா?" என்று இன்னாசிப்பிள்ளை கேட்டான். சிரிப்பு வரவில்லை, ஆனாலும் சிரித்தேன். அவன் நம் வீட்டுப் பக்கம் வந்து சிரிக்க வைக்கப் பார்க்கிற ஒரே மனிதன்.

சரி, அனுப்புகிறேன். ஒற்றைக் கண்ணனையே. இன்றைக்கே கட்டி, நாளைக்கு வெள்ளிக்கிழமை தபாலில் போடுகிறேன். ஆதிலா, பார்த்துவிட்டு எழுது. உடனே எழுதாதே. இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு எழுது.

ரஸாக்


கண்டி
19.01.2025

ரஸாக் அவர்களுக்கு,

இரண்டு நாள் அல்ல, பத்து நாள் வைத்துப் பார்த்தேன்.

முதலில் மாற்றி அனுப்பிவிட்டீர்கள் என்று நினைத்தேன். இரண்டு கண்ணும் இருக்கிற, மினுங்குகிற மீன். முதுகு புதுப் பச்சை. செதில் கூடக் கீறியிருக்கிறீர்கள். பிறகு தகட்டு உதட்டில் இருந்த வளைவைக் கண்டேன். அவன் கல்லில் தட்டி வளைந்தது. அதுதான் இது.

வயிற்றை விரலால் தடவினேன். கோப்பையைத் தடவுவது போல வழுவழுப்பாக இருந்தது.

ஏன் என்று கேட்கவில்லை. எப்போது என்று மட்டும் சொல்லுங்கள். என் கடிதம் வந்த பிறகா, முன்பா?

இதைத் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் அலுமாரியில் வைக்க நன்றாக இருக்கும்.

ஆதிலா


மாம்புரி
27.01.2025

ஆதிலாவுக்கு,

முன்பு. அல்லாஹ் மேல் ஆணையாக முன்பு.

2023 மே மாதம், நீ கண்டிக்குப் போன மூன்றாம் கிழமை. கச்சான் காற்று அடித்தது. கடலுக்குப் போக வழியில்லை. வீட்டில் நான் தனியே. அலுமாரியைத் திறந்து அவன் பாவித்த மீன்களைத் தனியே பிரித்தேன். பதினாலு. ஒற்றைக் கண்ணனைத்தான் முதலில் கையில் எடுத்தேன். பழைய பெயின்டைச் சுரண்டி, குழிகளுக்குப் பட்டி வைத்து, காய்ந்த பிறகு மண்கடதாசி போட்டுத் தேய்த்து, மூன்று பூச்சுப் பூசினேன். கண்ணுக்கு நீர்கொழும்பு வரை போய்வந்தேன். முள் எல்லாம் புதுசு.

சேர்க்கிற ஒருவனும் செய்யாத வேலை இது. பழைய பெயின்டில் கை வைத்தால் அந்த மீன் செத்தது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அலுமாரியில் வைக்கிற மீனை ஒருவரும் திருத்துவதில்லை. கடலுக்குப் போகிற மீனைத்தான் திருத்துவார்கள். இனி இதெல்லாம் உன்னுடையது, கொண்டுபோய்ப் பாவி என்று அவனுக்குச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. வந்து அலுமாரியைத் திறந்ததும் அவனுக்கே விளங்கும் என்று நினைத்தேன்.

பல் தடத்தைக் கண்டீர்களா என்று நீ கேட்கவில்லை. கண்டேன். நகத்தை உள்ளே விட்டுப் பார்த்தேன். இனி இதற்கு ஏச மாட்டேன் மகன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அடைத்தேன். அதை வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வருகிற ஆளின் பல் ஆளோடு வரும்தானே.



இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். உதட்டைக் கல்லில் தட்டி வளைத்த பிறகு ஒற்றைக் கண்ணனைத் தொடாதே என்று அவனுக்குச் சொல்லியிருந்தேன். அதனால்தான் நான் புத்தளத்துக்குப் போகிற நாளைப் பார்த்துக் களவாக எடுத்துக்கொண்டு தனியே போனான். தொடு என்று சொல்லியிருந்தால் என்னோடு வந்திருப்பான். நீ அன்று முற்றத்தில் சொன்னது சரி. என் பொம்மை மீன்தான் அவனைத் தின்றது.

மன்னிக்கச் சொல்லவில்லை.

ரஸாக்


கண்டி
20.02.2025

ரஸாக் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன். ஆனாலும் பாடம் நடத்தும்போது நடுவில் நின்றுவிடுகிறேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

அவன் களவெடுக்கவில்லை. நான் கொடுத்தேன்.

நீங்கள் சுபஹ் தொழுதுவிட்டுப் புத்தளம் பஸ்ஸுக்குப் போன பிறகு அவன் சமையலறைக்கு வந்தான். "உம்மா, ஒரே ஒரு நாளைக்கு. வாப்பா வர முன்ன வெச்சிருவன்" என்றான். "பத்து மணிக்குள்ள வந்திரு. இல்லாட்டி மாட்டுறது நான்தான்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். மணிக்கூட்டுக்குப் பின்னால் இருந்த திறப்பை எடுத்தது நான். அதைப் பூட்டில் போட்டுத் திருகி அலுமாரியைத் திறந்தது நான். ஒற்றைக் கண்ணனை அவன் கையில் வைத்தது நான்.

இன்னாசிப்பிள்ளை எட்டு மணிக்கு வந்து, இருவரும் சேர்ந்து போவதாக இருந்தது. எட்டு மணிக்குப் போனால் பத்துக்குள் திரும்ப முடியாது. அதனால் காத்திருக்காமல் தனியே போனான். நான் சொன்ன நேரத்துக்காக.

நாற்பதாம் நாள் முற்றத்தில், றிஸ்மினாவும் அக்கம்பக்கமும் நிற்க, உங்கள் பொம்மை மீன்தான் பிள்ளையைத் தின்றது என்று நான் சொன்னபோது எனக்கு இது தெரியும். மறந்திருக்கவில்லை. தெரிந்துகொண்டே சொன்னேன். நீங்கள் எண்ணெய்க் கான்களைக் கழுவப் போனீர்கள்.

உங்கள் குரலைக் கேட்க முடியாது என்று முதல் கடிதத்தில் எழுதியதும் பாதிதான் உண்மை. நீங்கள் என்னை என்றாவது ஒருநாள் கேட்டுவிடுவீர்கள் என்ற பயம்தான் மீதி.

ஆதிலா


மாம்புரி
14.03.2025

ஆதிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்குத் தெரியும்.

அன்று பின்னேரம், படகு கரைக்கு வந்த பிறகு, அலுமாரியைப் பார்க்கப் போனேன். மணிக்கூட்டுக்குப் பின்னால் திறப்பு இல்லை. தேநீர்க் கோப்பைத் தட்டுக்கு அடியில் இருந்தது. அஸ்ஜத் எடுத்திருந்தால் இருந்த இடத்திலேயே வைத்திருப்பான். அவன் அதில் கவனமான கள்ளன். கோப்பைத் தட்டுக்கு அடியில் சாமான் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிற ஆள் நம் வீட்டில் ஒருத்திதான்.

நீ முற்றத்தில் ஏசும்போது அந்தச் சொல் என் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நீ எழும்ப மாட்டாய் என்று விளங்கியது. அதனால் கான் கழுவப் போனேன். போன கடிதத்தில் களவு என்று எழுதியதும் அதற்காகத்தான். பழி என் பக்கமே கிடந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். நீ இதையெல்லாம் ஒற்றையாகச் சுமந்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

பதினோராம் திகதியோடு அவன் போய் இரண்டு வருடம். நோன்போடு கடலுக்குப் போனேன். மூன்றாவது காற்றாலையும் நாலாவதும் ஒன்றையொன்று மறைக்கிற இடத்துக்கு. படகு மிதந்தது அங்கேதான். நீ திருப்பி அனுப்பிய ஒற்றைக் கண்ணனைக் கொண்டுபோனேன். என் மரமீன் ஒன்றை என் கையால் கடலில் போட்டது அதுதான் முதல் தடவை.

நூலைக் கட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது. யோசிக்கவே இல்லை, மரமீனைப் பல்லில் கடித்துக்கொண்டேன். நோன்பு வாயில் பெயின்ட் மணமும் உப்பும். முடிச்சை இறுக்கிவிட்டுத் துப்பினேன். எத்தனை தடவை அவனை ஏசியிருப்பேன் இதற்கு.

மெதுவாகப் படகை ஓட்டி இழுத்தேன். நல்லாகத்தான் நீந்தியது. அவன் சொன்னது சரி, அது தண்ணீருக்குச் செய்ததுதான். கால் மணித்தியாலத்தில் ஒரு சீலா மீன் வந்து அடித்தது. சரியான சீலா. படகுக்குப் பக்கத்தில் வந்து உதறிவிட்டுப் போய்விட்டது. மரமீனைத் தூக்கிப் பார்த்தால் பெயின்ட் எல்லாம் வெடித்து, வயிற்றில் நான் வைத்த பட்டி கழன்று போயிருந்தது. உள்ளே குழிகள்.

அவனுடையதா, மீனுடையதா, என்னுடையதா, எனக்குத் தெரியவில்லை. நீ படித்தவள். உனக்குத் தெரியும். துடைக்காமல், நூலைக்கூட அவிழ்க்காமல் அனுப்பியிருக்கிறேன்.

கரைக்கு வந்து அஸர் தொழுகைக்குப் பிறகு மௌலவியிடம் கேட்டேன். அன்று தொழாதவர் இப்போது தொழலாம் என்றார். நாலு பேர் பின்னால் நின்றார்கள். முன்னால் ஒன்றும் இல்லை, வெறும் பாய். தொழுதேன். இன்னாசிப்பிள்ளை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றான். முடிந்து வந்ததும், "நானா, நாளைக்குப் படகுக்கு எண்ணெய் ஊத்தவா, வேணாமா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன். இரண்டாவது பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ரஸாக்


கண்டி
06.04.2025

அஸ்ஜத்தின் வாப்பாவுக்கு,

பொதி வந்தது. பாடசாலை ஆய்வுகூடத்தில் எல்லோரும் போன பிறகு, கைவில்லையை எடுத்துக்கொண்டு மேசை விளக்கின் கீழ் இருந்தேன்.

முதுகில் உள்ள நீளமான கீறல்கள் சீலாவுடையவை. அதில் சந்தேகமில்லை. வயிற்றில், பட்டி விழுந்த இடத்தில், குழிகள் ஐந்து. இரண்டு ஆழமானவை. ஒன்று புதுப் பெயின்ட் ஒட்டிய விளிம்போடு இருக்கிறது. அது நீங்கள் கடித்ததாக இருக்கலாம். மற்றவை பழையவையா, மீன் கடித்தபோது மரம் தெறித்தவையா என்று ஒரு மணித்தியாலம் பார்த்தேன். அளந்தேன், வரைந்தேன். தீர்மானிக்க முடியவில்லை. இந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு "ஆம், அவனுடையது" என்று என் மாணவி ஒருத்தி எழுதினால் நான் பிழை போடுவேன்.

பிறகு ஒரு வேலை செய்தேன். அவனுக்கு உம்மாவின் பல் என்று எல்லோரும் சொல்வார்களே, முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. என் பல் அந்தக் குழிகளில் பொருந்துகிறதா என்று பார்க்கலாம் என்று தோன்றியது. முள்ளைக் கழற்றிவிட்டு, அவன் பிடிப்பது போல வயிற்றோடு வாயில் வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன். பழைய மரத்தின் மணமும் உப்பும் இருந்தது. அவனுடைய வாயில் கடைசியாக இருந்த சுவை இதுதான் என்று ஒரு எண்ணம் வந்தது. அதோடு வாய் இறுகிவிட்டது. எவ்வளவு நேரம் அப்படியே அழுதேன் என்று தெரியவில்லை. தொழுகை நடந்த அன்றுகூட நான் அழவில்லை.

எடுத்துப் பார்த்தபோது அந்தக் குழிகளுக்கு மேலேயே என் பல் தடம் பதிந்திருந்தது. பழைய மரம் உப்பில் ஊறி மெத்தென்று இருந்திருக்கிறது.

இனி ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எந்த வில்லையாலும் முடியாது. மீன், நீங்கள், நான், ஒருவேளை அவன். நீங்கள் அழித்தீர்கள் என்று உங்களை ஏசினேன். மிச்சம் இருந்திருந்தால் அதை அழித்தது நான்.

மீனைத் திருத்தியது பற்றி நீங்கள் எழுதியதை நம்புகிறேன். திறப்பு பற்றி எழுதியதை வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்தேன். திரும்பவும் விரித்தேன். இரண்டு வருடமாகத் தெரிந்துகொண்டே ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறீர்கள். நன்றி என்று எழுதினால் சிறிதாகப் போகிறது. அதனால் எழுதவில்லை.

இதை இனித் தபாலில் போட மாட்டேன். பாடசாலை விடுமுறை பத்தாம் திகதி தொடங்குகிறது. பதினோராம் திகதி பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். எத்தனை நாள் இருப்பேன் என்று இப்போது சொல்ல முடியாது. கரைக்கு என்னைக் கூப்பிட வேண்டாம்.

அலுமாரித் திறப்பை மணிக்கூட்டுக்குப் பின்னால் வைத்துவிடாதீர்கள். நான் வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஆதிலா